வாத்து போட்ட சீட்

முருகன் துணை

அட்டன்,
12.12.1960

அன்பு மகன் மூக்கனுக்கு அம்மா மீனம்மா எழுதிக்கொண்டது. இங்கே நான் கை கால் சுகத்தோடு இருக்கிறேன். நீயும் அங்கே காய்ச்சல் தலைவலி அண்டாமல், வேளைக்குச் சோறு தின்று நல்லபடியாக இருக்க வேண்டுமென்று கதிர்காமத்தானைக் கும்பிட்டுக்கொண்டு இதைத் தொடங்குகிறேன். மேல் உறையில் நீ சொன்னபடி பட்டறையில் உனக்கு வழங்கும் பெயரைத்தான் எழுதியிருக்கிறேன், உள்ளே நீ எனக்கு மூக்கன்தான், கோபித்துக்கொள்ளாதே. கையெழுத்து மாறியிருப்பதைப் பார்த்ததும் அம்மாவுக்கு என்னவோ ஏதோ என்று பதறியிருப்பாய். ஒன்றுமில்லை. கொஞ்ச வருஷமாக உனக்கு வந்த கடிதமெல்லாம் நான் சொல்லச் சொல்ல ஜவுளிக்கடை முதலாளி மகள் இந்திராதேவி எழுதியது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்த எழுத்து எனக்கும் இருக்கிறது, ஆனாலும் அவள் எழுதினால் அச்சடித்த மாதிரி இருக்கும் என்று அவளிடமே விட்டிருந்தேன். அவள் மாடி ஜன்னலில் இருப்பாள், நான் கீழே சந்தில் நின்று அண்ணாந்து சொல்லுவேன், எழுதி முடித்ததும் கூடையில் வைத்துக் கயிறு கட்டி இறக்குவாள். சந்து முழுக்கக் கேட்கும் என்பதால் உன்னிடம் சொல்ல நினைத்த பல விஷயங்களை நான் சொன்னதே இல்லை. இப்போது அவள் இங்கே இல்லை. அவள் போன கதையை உனக்கு ஆதியிலிருந்து எழுதுகிறேன், இங்கே உட்கார்ந்து கேட்க ஆள் இல்லை, உனக்கு ஓய்வு கிடைக்கும்போது படி.

அவளை உனக்கு நினைவிருக்கும். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இடது கால் சூம்பிப்போய் சாய்ந்து சாய்ந்து நடப்பாள், கடைவீதிப் பிள்ளைகள் வாத்து வாத்து என்று பின்னால் கத்திக்கொண்டு ஓடும். நீ கடல் தாண்டிப் போன சமயம் அவள் கல்யாணமாகி வட்டகொடையில் இருந்தாள். புருஷன் அழகையா அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலையில், தூள் பக்குவம் பார்க்கும் டீமேக்கருக்கு உதவியாளராக இருந்தார். வீட்டுக்குப் பக்கத்திலேயே ஸ்டேஷன், ரயிலேறினால் அட்டன், அதனால் ஒரு குறையும் இல்லை. பிறகு அவரைப் பெரிய டீமேக்கராக்கி நோர்வூட்டுக்கு மேலே ஒரு தோட்டத்துக்கு மாற்றினார்கள். நோர்வூட் வரைக்கும்தான் பஸ். அதற்கு மேல் கல் ரோடு, வளைவுக்கு மேல் வளைவு, வாடகைக் கார்க்காரன் கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பிவிடுவான், தோட்டத்து லாரியும் இவருடைய மோட்டார் சைக்கிளும்தான் ஏறும். லாரியில் ஏற்றி அவளைக் கொண்டுபோனார்கள். போனவள் கோயிலுக்கோ ஆஸ்பத்திரிக்கோ பெற்றவர்களைப் பார்க்கவோ கீழே இறங்க வழியில்லாமல் அந்த வீட்டுக்குள்ளேயே கிடந்தாள். ஒரு நாள் மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிவரும்போது வளைவில் நழுவி விழுந்து தோளில் நல்ல அடி. அதோடு அவள் அப்பா, என் மகள் என் வீட்டிலேயே இருக்கட்டும் என்று கொண்டுவந்து மாடியில் வைத்துவிட்டார். மருமகன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்தார், அப்புறம் மாதம் ஒரு தரம் வந்தார், அப்புறம் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வந்தார்.

அந்த ஜன்னலும் கீழே சந்தில் இருக்கும் என் தோல் கடையும்தான் ஒன்றுக்கொன்று துணை. நான் தோலை நனைத்துப் பலகையில் போட்டுக் கொட்டாப்புளியால் அச்சைத் தட்டிக்கொண்டிருப்பேன், அவள் மேலேயிருந்து இன்றைக்கு யாருக்கு என்ன என்று கேட்பாள். உன் அப்பா இருந்தபோது அவர் தைப்பார், நான் தோலில் பூ வெட்டுவேன், இப்போது இரண்டும் நான்தான். தோட்டங்களை நடத்தும் சின்னத் துரைமார் ஒருவர் பாக்கியில்லாமல் இங்கேதான் மோட்டார் சைக்கிளுக்கு சீட் செய்ய வருகிறார்கள். ஒருவருக்குக் கழுகு, ஒருவருக்குச் சிங்கம், ஒரு துரை தன் நாயின் முகத்தை அப்படியே போடச் சொல்லி நாயையே கொண்டுவந்து நிறுத்தினார். இதையெல்லாம் சொன்னால் இந்திரா விழுந்து விழுந்து சிரிப்பாள். அவள் வீட்டார் யாராவது பக்கத்தில் இருந்தால் என்னை மீனம்மா என்பாள், இல்லாவிட்டால் அக்கா என்பாள். நம்மைப் போன்ற தோல்காரர்களை அந்த வீட்டார் எங்கே நிறுத்துவார்கள் என்று உனக்குத் தெரியும், அந்தப் பேச்சை விடு.

ஆடி மாதத்தில் ஒரு நாள், அவர்கள் வீட்டில் எல்லாரும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள், வெளியே மழை. நான் நிமிர்ந்து பார்த்தால் இந்திரா என் கடை வாசலில் நிற்கிறாள். பின்பக்கப் படியில் ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கி வந்திருக்கிறாள், புடவையெல்லாம் சேறு. துரைமார் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள், “அக்கா, எங்க நாத்தனாரு மாத்தளையில அவருக்குப் பொண்ணு பாக்குறாங்களாம். ஜன்னல்ல குந்தியிருக்க பொண்டாட்டி எதுக்குன்னு கேட்டாங்களாம். அவரு சரின்னும் சொல்லலையாம், வேணாம்னும் சொல்லலையாம்.” அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நான் விழாம குந்துற மாதிரி ஒரு சீட் செஞ்சு குடுங்க. துரைமாருக்கெல்லாம் செய்றீங்கல்ல, எனக்குச் செய்ய மாட்டீங்களா?” என்றாள்.

அந்தக் கேள்விக்குப் பிறகு நான் எப்படிச் சும்மா இருப்பேன்? ஆனால் அளவெடுக்க வேண்டுமே. அவள் அப்பாவிடம் அவளே சண்டை போட்டுச் சம்மதம் வாங்கினாள். பின்படி வழியாக நான் முதல் தடவையாக அந்த மாடிக்குப் போனேன். அவள் அம்மா ஒரு நூலை எடுத்துக்கொண்டு, நீ தள்ளி நின்று சொல், நான் பிடித்து அளக்கிறேன் என்றார். நான் தள்ளியே நின்றேன். இந்திராவுக்கு வந்ததே கோபம். “தொடாம அளக்கறதுக்கு நான் என்ன சவமா? அவுங்க கை படாட்டி சீட்டும் வேணாம் ஒண்ணும் வேணாம்,” என்று கத்தினாள். அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் அந்தக் காலைக் கையில் எடுத்தேன். சின்னப் பிள்ளையின் கால் போல இருந்தது, ஐஸ் மாதிரி குளிர்ச்சி. எங்கே பலம் இருக்கிறது, எங்கே இல்லை என்று முழங்காலிலிருந்து பாதம் வரைக்கும் அழுத்தி அழுத்திப் பார்த்தேன். அவள் கூச்சத்தில் சிரித்தாள், அப்புறம் சிரிப்பு நின்றுபோய், எண்ணெய் தேய்க்கிற கிழவி செத்ததற்கப்புறம் இந்தக் காலை யாரும் தொட்டதில்லை என்றாள்.

நீ பஸ்ஸுக்கு சீட் தைக்கிறவன், உனக்குச் சொன்னால் விளங்கும். புடவை கட்டியவள் ஒருபக்கமாகத்தான் உட்கார முடியும், ஆகவே சீட்டை அகலமாக வைத்து, அவள் முதுகுக்கு வலது பக்கம் வளைந்த சாய்மானம் ஒன்று எழுப்பினேன். சூம்பின கால் பின் சக்கரத்துப் பக்கம் வரும், அது ஆடிச் சக்கரத்தில் சிக்காதபடி தொட்டி மாதிரி ஒன்றைத் தடித்த தோலில் மடித்துத் தைத்து, பாதத்துக்கு ஒரு வார் வைத்தேன். இதையெல்லாம் தாங்குகிற இரும்புச் சட்டத்தை கராஜில் மேஸ்திரியாக இருக்கும் சிங்கள பாஸ் அடித்துக் கொடுத்தார், நான் கையால் காற்றில் வரைந்து காட்டக் காட்ட அவர் தன் பாஷையில் சரி சரி என்பதற்கு ஹரி ஹரி என்று தலையாட்டிக்கொண்டே சரியாகச் செய்துவிட்டார். சாய்மானத்தில் என்ன போடட்டும், தாமரையா மயிலா என்று இந்திராவைக் கேட்டேன். “வாத்து போடுங்க,” என்றாள். நான் விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். “நெசமாத்தான் சொல்றேன். ஊரெல்லாம் கூப்பிட்ட பேரு தானே, நானே போட்டுக்கிறேன், இனிமே எவன் சொல்லுவான்?” என்றாள். அப்படியே போட்டேன். சாய்மானம் நெடுக வாத்துகள் வரிசையாகப் போகிற மாதிரி, ஒன்று திரும்பிப் பார்க்கிற மாதிரி, ஒன்று இறக்கையை உதறுகிற மாதிரி. கழுகையும் சிங்கத்தையும்விட வாத்து கஷ்டம் மூக்கா, கொஞ்சம் தவறினால் கோழியாகிவிடும். அடைமழைக் காலம், தோலில் பூஞ்சணம் பூக்காமல் அடுப்புக்குத் தள்ளி வைத்துக் காய வைத்தேன்.

இந்திரா சொல்லியனுப்ப, அழகையா வண்டியைக் கொண்டுவந்தார், அதில் சீட்டைப் பூட்டினேன். வாத்துகளைப் பார்த்து அவர் முகம் சுண்டிப்போய்விட்டது. அவளை உட்காரவைத்துக் கடைவீதியில் ஓட்டினார், நன்றாக இருந்தது. டிக்கோயா ரோட்டில் ஏற்றம் வந்ததும் அவள் உடம்பு பின்பக்கமாக நழுவ ஆரம்பித்திருக்கிறது, அவள் அலற, இவர் நிறுத்திவிட்டார். விழவில்லை, ஆனால் இரண்டு பேரும் பயந்துவிட்டார்கள். கொண்டுவந்து இறக்கிவிட்டு, இனிமேல் இந்தப் பேச்சே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இந்திரா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, மேலே போய் ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை. சாத்தின ஜன்னலைப் பார்த்துக்கொண்டே யோசித்தேன். என்ன தப்பு என்று தெரிய வேண்டுமானால் நானே உட்கார்ந்து பார்க்க வேண்டும், அதுவும் என் காலால் இல்லை, அவள் காலால். கிளம்பப் போனவரை மறித்து, என்னை ஒரு தரம் டிக்கோயா ஏற்றம் வரைக்கும் கூட்டிப்போங்கள் என்றேன். “என்ன மீனம்மா, பைத்தியமா ஒனக்கு? கடவீதியே பாக்குது,” என்றார். பார்க்கட்டும் என்று ஒரு பழந்துணியால் என் இடது காலைத் தொடையோடு அசையாமல் இறுக்கிச் சுற்றிக்கொண்டு ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

நீ அதைப் பார்த்திருக்க வேண்டும். உன் அம்மா, புருஷனை இழந்தவள், டீமேக்கருக்குப் பின்னால் தலை முக்காட்டோடு மோட்டார் சைக்கிளில் போகிறாள். பீடிக்கடையில் நின்றவன், “தோல்காரி மோட்டார்ல போறாடோய்” என்று கத்தினான், சாப்பாட்டுக்கடைக்காரன் கரண்டியோடு வெளியே வந்தான். முதலில் எனக்கு உயிரே இல்லை, முருகா முருகா என்று கத்திக்கொண்டே போனேன். ஏற்றத்தில் போகும்போதுதான் எனக்குப் புரிந்தது. நமக்கு உடம்பு பின்னால் நழுவினால் நாம் அறியாமலே பின்பக்கத்துக் காலை ஊன்றிக்கொள்கிறோம். ஊன்ற அந்தக் கால் இல்லாதபோது உடம்பு மாவு மூட்டை மாதிரி சரிகிறது. சீட்டின் பின்கோடியில் ஒரு மேடு வேண்டும், முழங்காலுக்கு அடியிலும் கொஞ்சம் தூக்க வேண்டும். இன்னொன்றும் தெரிந்தது. நான் பயத்தில் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தேன். இந்திரா எதையும் பிடிக்கவே இல்லையாம், பட்டப்பகலில் புருஷனைப் பிடிக்க வெட்கப்பட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

மேலே போய் வண்டியை நிறுத்தினார். மழை தூறிக்கொண்டிருந்தது. நான் அவரைக் கேட்டேன், “டீமேக்கர் ஐயா, நான் திருப்பியும் தோலை அறுக்கறதுக்கு முந்தி ஒண்ணு சொல்லுங்க. அவுங்களக் கூட்டிட்டுப் போக ஒங்களுக்கு மனசு இருக்கா, இல்லையா?” அவர் தேயிலைப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, “மனசு இல்லாம இல்ல மீனம்மா. பயம். அன்னைக்கு விழுந்தப்ப அவ தலை பாறையில பட்டிருந்தா? ஜன்னல்ல இருந்தா உசுரோடயாவது இருப்பா,” என்றார். நான், “அது உசுரோட இருக்கறது இல்லைங்க,” என்றேன். திரும்பி வரும்போது மெதுவாக ஓட்டினார்.

மேட்டை வைத்துத் தைத்தேன். கூடவே அவர் இடுப்புக்கு அகலமான தோல் பட்டை ஒன்று செய்து, அதில் கை நுழைத்துப் பிடிக்க வளையம் மாதிரி கெட்டியான பிடி இரண்டு தைத்தேன். புருஷனைக் கட்டிக்கொள்ளத்தான் வெட்கம், பட்டையைப் பிடிக்க என்ன வெட்கம்? அவர் அதைக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி சிவந்துபோய் நின்றார். அந்தக் கடைசித் தையல் போடும்போது உன் அம்மாவின் மனம் என்ன சொன்னது தெரியுமா? மழைக்காலம், தோல் காயவில்லை என்று சொல், இன்னும் ஒரு மாதம் தள்ளு என்றது. இந்த ஜன்னல் காலியானால் நீ யாரோடு பேசுவாய் என்று கேட்டது. கேட்டதே தவிர, நான் தள்ளவில்லை. புரட்டாசியில் மழை விட்ட ஒரு காலையில் டிக்கோயா ஏற்றத்தை மூன்று தரம் ஏறி இறங்கிக் காட்டிவிட்டு, அப்படியே அவர்கள் நோர்வூட் பக்கம் போனார்கள். போகும்போது இந்திரா வலது கையால் பட்டையைப் பிடித்துக்கொண்டு இடது கையை எனக்கு ஆட்டினாள், இரண்டு கையாலும் பிடி என்று நான் கத்தினேன். அவள் அப்பா கடைக்குள் இல்லாத துணியை அளந்துகொண்டிருந்தார். அவள் அம்மா சந்துக்கு வந்து என் வாசலில் நின்று, “மீனம்மா, அந்த வார் அறுந்துறாதுல்ல?” என்று கேட்டார். அறுந்தால் என் கையை வெட்டித் தருகிறேன் என்றேன். அந்த அம்மா உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். நான் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன், குடித்தார்.

அதற்கப்புறம் அந்த மாடி அறையில் துணி மூட்டைகளை அடுக்கிவிட்டார்கள். ஜன்னல் திறப்பதில்லை. முதல் சில நாள் பழக்கத்தில் வேலை செய்துகொண்டே மேலே பார்த்துப் பேசிவிடுவேன், பிறகு வாயை மூடிக்கொள்வேன். பகல் இரண்டு மணிக்கெல்லாம் பனிமூட்டம் இறங்கி எதிர்ச் சுவரே தெரியாது, கொட்டாப்புளிச் சத்தம் மட்டும் கேட்கும், அதுவும் நான் தட்டுகிற சத்தம்தான். ஒரு உலை அரிசி இரண்டு வேளைக்கு வருகிறது. சாயங்காலம் ரயில் சத்தம் கேட்டால் ஸ்டேஷனுக்குப் போய் இறங்குகிற ஆட்களைச் சும்மா பார்த்துவிட்டு வருகிறேன். சுகமில்லாமல் ஒன்றும் இல்லை, அப்படி நினைத்துக்கொள்ளாதே, வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

தீபாவளிக்கு முதல் நாள் அழகையா தனியாக வந்து நின்றார். பின் சீட் காலியாக இருந்ததைப் பார்த்ததும் வார் அறுந்துவிட்டதோ என்று பார்க்க ஓடினேன். அவர் சிரித்துக்கொண்டு, “அவ நல்லா இருக்கா. நோர்வூட்டுக்கு இறங்கிக் கோயிலுக்குப் போனோம், ஆஸ்பத்திரிக்குப் போனோம், படம் பாக்கக்கூடப் போனோம். ஒன்னயக் கையோட கூட்டிட்டு வரச் சொன்னா, தீபாவளிக்கு எங்க வீட்டுல இரு. வெறுஞ்சீட்டோட திரும்பி வந்தா வீட்டுக்குள்ள விடமாட்டேன்னுட்டா,” என்றார். டீமேக்கர் வீட்டில், அவர்கள் தட்டில் எனக்குச் சோறு. ஆனாலும் ஒரு துரைக்கு அவசர வேலை இருக்கிறது என்று பொய் சொல்லி அவரை வெறும் சீட்டோடு அனுப்பிவிட்டேன். உண்மை என்னவென்றால், தீபாவளிக்கு உன் கடிதம் வரும் என்று நினைத்தேன். கடை பூட்டியிருந்தால் தபால்காரர் திருப்பிக் கொண்டுபோய்விடுவாரோ என்று பயந்தேன். தீபாவளியன்று வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன், மறுநாளும் இருந்தேன். உனக்கு வேலை அதிகம், பண்டிகைக்கு முன்னால் பஸ் பட்டறையில் மூச்சுவிட நேரமிருக்காது, எனக்குத் தெரியும். இதை உன்னைக் குறை சொல்ல எழுதவில்லை. போன புதிதில், பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு இங்கேயே வந்துவிடு அம்மா என்று எழுதினாய், அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இந்த நாட்டுக் குடியாக ஏற்கச் சொல்லிப் பிரஜா உரிமைக்கு எழுதிப்போட்டதற்கும் இன்னும் பதில் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் நான் ரொம்ப நாளாக வாசலைப் பார்த்தே உட்கார்ந்துவிட்டேன் மூக்கா. நீ கூப்பிட்டாலும் அம்மாவுக்குச் சந்தோஷம், உனக்கு அங்கே தோதுப்படாது என்றாலும் சொல்லிவிடு, உன்மேல் எனக்கு வருத்தமில்லை.

பொங்கலுக்கு நான் இந்திரா வீட்டுக்குப் போகிறேன். அழகையா போகியன்று வந்து கூட்டிப்போவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார், நானும் சரி என்று சொல்லிவிட்டேன். இந்தத் தடவை காலைக் கட்டிக்கொள்ளாமல் உட்காரப்போகிறேன். அவளோடு ஒரு வாரம் இருந்துவிட்டு வருவேன், அவள் விட்டால்.

சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளி, அங்கே வெயில் சூடு. தைக்கும்போது குனிந்தே இருக்காதே, அப்பாவுக்கு முதுகு போனது அதனால்தான். கல்யாணப் பேச்சு எதுவும் வந்தால் பெண்ணின் மனதையும் கேட்டுக்கொள். கண்ணே, நீ எங்கே இருந்தாலும் கந்தன் உன்னைக் கைவிடாமல் காப்பான், நோய்நொடி இல்லாமல் நீண்ட ஆயுளோடு பேரும் புகழுமாக இரு. ஒன்றை மறந்துவிடாதே, கடிதம் போடுவதாக இருந்தால் தை மாதம் பாதி கழித்துப் போடு. அதற்கு முன்னால் வந்தால் கடை பூட்டியிருக்கும், நான் வீட்டில் இருக்கமாட்டேன்.

உன் அம்மா,
வீ. மீனம்மா